‘எப்போ’ அக்காவின் மறுமுனை

மேடை என்று இங்கே தனியாக எதுவும் இல்லை. மடிக்கும் மேசைகள் இரண்டை ஒட்டிப் போட்டு, மேலே ஒரு வெள்ளை விரிப்பைப் போர்த்தியிருக்கிறோம். அந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் எங்கள் சலவை ஆலையின் மேலாளர் ஐயா அவர்களே! மனிதவள அலுவலர் அம்மையார் அவர்களே! இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான பாய்லர் அண்ணன் அவர்களே! முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும், மறைந்த நம் அக்காவின் கணவர், நான் மாமா என்று அழைக்கும் தையல்காரர் அவர்களே! அவருடைய அருமை மகளே! துவைக்கும் பிரிவிலிருந்தும் உலர்த்தும் பிரிவிலிருந்தும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலிகள் காலியாக இருக்கும்போதும் சுவரோரமாகவே நிற்கும் என் தோழர்களே, தோழியர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வெள்ளை விரிப்பை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஒரு சுருக்கம் இருக்கிறதா? ஓரம் எங்காவது கோணியிருக்கிறதா? இது அக்கா கடைசி வாரம் இயந்திரத்துக்குள் விட்டெடுத்த விரிப்புகளில் ஒன்று. காலையில் அலமாரியிலிருந்து நான்தான் தேடி எடுத்து வந்தேன். அவருடைய கை பட்ட துணியின் முன்னால் நின்றுதான் அவரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

பேசுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அக்காவைப் பற்றிப் பேச ஏன் பயம் என்று மாமாவும் மகளும் நினைக்கலாம். சுவரோரமாக நிற்பவர்களுக்கு அது தெரியும்.

நான் யார்? நான் அக்காவின் மறுமுனை. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன். இந்த ஆலைக்கு மருத்துவமனைகளிலிருந்து படுக்கை விரிப்புகள் வருகின்றன. துவைத்துப் பிழிந்த பிறகு அவற்றைச் சுருக்கம் நீக்கும் பெரிய சூடான உருளை இயந்திரத்துக்குள் விட வேண்டும். எங்கள் வாயில் அதற்கு ரோலர் என்று பெயர். ஒரு விரிப்பை ஒரே ஆள் விட முடியாது. ஒரு முனையை ஒருவர், மறுமுனையை இன்னொருவர் பிடித்து, இழுத்து, இரண்டு பேரும் ஒரே நொடியில் விட வேண்டும். ஒருவர் முந்தினால் துணி கோணிக்கொள்ளும். ஒருவர் பிந்தினால் சூடான உருளை துணியோடு சேர்த்து விரலையும் கேட்கும்.

ஆவியில் எதிரே இருப்பவரின் முகம் தெரியாது. சத்தத்தில் மெல்லச் சொன்னதும் காதில் விழாது. அதனால் அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். துணியை இழுத்துப் பிடித்ததும், "எப்போ?" என்று உரக்கக் கேட்பார். மறுமுனையில் இருப்பவர் கையைச் சரிசெய்துகொண்டு, "இப்போ!" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் இருவரும் விடுவோம். அடுத்த துணி. எப்போ? இப்போ! அடுத்தது. எப்போ? இப்போ! எத்தனை ஆயிரம் முறை இந்த இரண்டு சொற்களையும் நாங்கள் பேசிக்கொண்டோம்! வீட்டில் மனைவி, "சாப்பிட வர்றீங்களா?" என்று கேட்டால்கூட நான் "இப்போ!" என்று கத்தி, அவள் கையில் இருந்த தட்டு விழுந்திருக்கிறது.

அதனால்தான் அவருக்கு ‘எப்போ’ அக்கா என்று பெயர் வந்தது. ரோலர் தந்த பெயர் அது. ஆனால் அந்தச் சொல்லை அவர் ரோலரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அங்கேதான் இந்தக் கதை தொடங்குகிறது, என் பயமும் தொடங்குகிறது.

பெரியோர்களே! வேலைக்குச் சேரும் எவருக்கும் ஒரு தகுதிகாண் பருவம் உண்டு. நாங்கள் ப்ரொபேஷன் என்போம். ஆளை வைத்துப் பார்க்கிறார்கள். வேலை வருமா, ஒத்துப்போவாரா என்று பார்க்கிறார்கள். அதில் தவறு இல்லை. புது இயந்திரம் வந்தாலும் ஓட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? ஒருவர் வேலை பழகக் கொஞ்சம் தாமதமானால், இன்னும் சிறிது காலம் பார்க்கிறோம் என்று சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஆலையின் விதியும் அதைத்தான் சொல்கிறது. நேரம் பதியும் பெட்டிக்குப் பக்கத்தில் விதிப்பலகை தொங்குகிறது. யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை. ஆறு மாதம் தகுதிகாண் பருவம். தேவைப்பட்டால் ஒரே ஒரு முறை, காரணம் சொல்லி, பருவம் முடிவதற்கு முன்பாகவே நீட்டிக்கலாம். அதன் பிறகும் ஒருவரை வேலையில் வைத்திருந்தால் அவர் நிரந்தரப் பணியாளர்.

தினமும் காலையில் அந்தப் பலகைக்கு எதிரே நின்றுதான் நேரம் பதிகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் படித்திருக்கிறோம். ஆனால் நடப்பது என்ன? பருவம் முடியும். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். நாமே தயங்கித் தயங்கிப் போய் நின்றால், "பார்க்கலாம்" என்று ஒரு சொல் வரும். அவ்வளவுதான், நீட்டித்தாயிற்று! அந்தப் ‘பார்க்கலாம்’ முடியும்போது இன்னொரு ‘பார்க்கலாம்’. இந்த அறையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ‘பார்க்கலாம்’ என்ற அந்த ஒரு சொல்லின் மேல் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறோம். நானும்தான்.

அதனால் என்ன, சம்பளம் வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பருவத்தில் இருப்பவனை அனுப்பக் காரணம் தேவையில்லை என்பதுதான் இதில் உள்ள விஷயம். ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்றால் போதும். அந்த ஒரு வாக்கியத்தை எதிர்பார்த்துக்கொண்டே வேலை செய்வது எப்படி இருக்கும் தெரியுமா? தளத்துக்கு மேலே ஐயாவின் கண்ணாடி அறை இருக்கிறது. அங்கே திரைச்சீலை அசைந்தால் கீழே எங்கள் எல்லோருடைய கையும் வேகமெடுக்கும். காற்றுக்கு அசைந்தாலும் அப்படித்தான். இருமல் வந்தால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இருமுவோம். கையைச் சுட்டுக்கொண்டவர் அதைக் காட்டாமல் கையுறை போட்டுக்கொள்வார். காய்ச்சல் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. பருவத்தில் லீவு போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது எந்தப் பலகையிலும் இல்லை. யார் சொன்னது என்றும் தெரியாது. ஆனால் அதை நம்பாதவர் ஒருவர்கூட இங்கே இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில், ஒருநாள் ஐயா தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, கையில் துணியைப் பிடித்தபடி அக்கா கேட்டார். "சார், என்னோட ப்ரொபேஷன் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. நிரந்தரம் எப்போ?"

ரோலர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஐயா நின்றார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "பார்க்கலாம்மா" என்றார். போய்விட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பி, "எப்போ?" என்றார். நான் ஐயா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, துணிக்குத்தான் கேக்குறேன். சொல்லுங்க" என்றார். "இப்போ" என்றேன். விட்டோம். அன்றைக்கு அந்த ஒரு விரிப்பு மட்டும் கோணலாகப் போனது.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன், "உங்களுக்குப் பயமே இல்லையா அக்கா?"

"பயமில்லாமயா? கேக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாத்ரூம் போயிட்டு வந்தேன். மூணாவது தடவை போனா அதுக்கும் சேத்து நீட்டிச்சிடுவாங்களேன்னுதான் ஓடி வந்து கேட்டுட்டேன்."

சிரிக்கலாம், தோழர்களே. அக்காவுக்காகக் கூடியிருக்கும் கூட்டத்தில் சிரிக்காமல் போனால் அவர் கோபித்துக்கொள்வார். இன்னொன்றும் சொன்னார். "வாடகைக்கு வீடு பாக்க வர்றவன்கூட ரெண்டு நாள்ல பதில் சொல்லிடறான். இவங்க வருஷக்கணக்கா என்னையே பாத்துக்கிட்டு இருக்காங்களே, அப்படி என்னதான் இருக்கு என் மூஞ்சியில?"

அதற்குப் பிறகு ஐயா தளத்தைச் சுற்றி வந்தபோதெல்லாம் அக்கா கேட்டார். தனக்காக மட்டுமா கேட்டார்? அழுக்குத் துணி கொண்டுவரும் நம் தள்ளுவண்டிக்காரருக்காகக் கேட்டார். அவருடைய நீட்டிப்புக்கு மட்டும் காரணம் சொல்லப்பட்டது: மனப்பான்மை சரியில்லை. மனப்பான்மை என்றால் என்னவென்று அந்த மனிதர் எங்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. சிரித்த முகமாக இருந்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லப்போக, அன்றிலிருந்து சிரித்துக்கொண்டே வண்டி தள்ளினார். அழுக்குத் துணியைக் கொட்டும்போதும் சிரிப்பு, வண்டிச் சக்கரம் காலில் ஏறியபோதும் சிரிப்பு! அடுத்த நீட்டிப்புக்குக் காரணம் என்ன தெரியுமா? வேலையை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்! அவர் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். இப்போது அவர் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் குனிந்திருக்கிறார். அவருக்காக அக்கா கேட்டார், "சார், இவரு சிரிக்கணுமா, வேணாமா? அதையாவது சொல்லுங்க. நிரந்தரம் எப்போன்னு அப்புறம் கேட்டுக்கறேன்."

கறை நீக்கும் பிரிவில் ஒரு தங்கை இருந்தாள். அக்கா கேட்பதைப் பார்த்து அவளும் ஒருநாள் கேட்டாள். அதே கேள்விதான், அதே மரியாதைதான். மறுநாள் காலை அவளுடைய ஏப்ரன் மாட்டும் கொக்கி காலியாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்டும் காணாமல் எங்கள் ஏப்ரன்களை எடுத்துக் கட்டிக்கொண்டோம். அன்று முழுக்க இந்தத் தளத்தில் பேச்சே இல்லை. ரோலரிலிருந்து எங்கள் இரண்டு சொற்கள் மட்டும்தான் கேட்டன.

அந்தத் தங்கையை அனுப்பியவர்கள் அக்காவை ஏன் அனுப்பவில்லை? இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அக்காவைப் போல ரோலரில் துணி விடத் தெரிந்தவர் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அவருடைய கேள்வி வேடிக்கையாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் யாராவது ஆலையைப் பார்க்க வந்தால், "இவங்கதான் எங்க ‘எப்போ’ அக்கா, எப்பப் பாத்தாலும் எப்போ எப்போன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க" என்று சிரித்தபடி அறிமுகம் செய்வார்கள். வந்தவர்களும் சிரிப்பார்கள். கேள்வியைப் பட்டப்பெயராக மாற்றிவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? கூப்பிடும்போதெல்லாம் அந்தக் கேள்வியைச் சொல்லிக் கூப்பிட்டோம், நாங்களும்தான். ஒருவர்கூட அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

அக்காவை வீராங்கனை என்று இங்கே சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவர் பயப்படாதவர் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை கேட்ட பிறகும் அவர் உள்ளங்கையை ஏப்ரனில் துடைப்பதை எதிர்முனையிலிருந்து பார்த்தவன் நான். "ஏன் அக்கா இவ்வளவு பயந்துக்கிட்டு கேக்கணும்? விட்டுடுங்களேன்" என்றேன் ஒருமுறை. "கேட்டா அன்னிக்கு ஒரு நாள் பயம். கேக்கலன்னா தினமும் பயம். எனக்கு எது கட்டுப்படியாகும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்தக் கடைசி நாளைச் சொல்ல வேண்டும். மாமா, மகளே, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

காலையிலேயே அக்காவின் முகம் சரியில்லை. இடது தோளை அடிக்கடி அழுத்திக்கொண்டார். "வீட்டுக்குப் போங்க அக்கா, நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

"போகலாம்தான். இந்த மாசக் கடைசியில என்னோட விஷயத்தை முடிச்சுடலாம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்களாம். இப்பப் போய் லீவு போட்டா மறுபடியும் முதல்லேருந்து எண்ணுவாங்க தம்பி."

பெரியோர்களே, கேட்டீர்களா? ஐயாவின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவர்! எங்கள் எல்லோருக்காகவும் கேட்டவர்! அவருக்கே ஒரு நாள் லீவு கேட்கப் பயம். பலகையில் இல்லாத ஒரு விதிக்குப் பயம். எல்லாவற்றையும் கேட்டவர் அதை மட்டும் கேட்கவில்லை. அந்தப் பயம் எத்தனை ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். துணி வந்துகொண்டே இருந்தது. ஒரு விரிப்பை இழுத்துப் பிடித்து, "எப்போ?" என்றார். குரல் மெலிந்திருந்தது. "இப்போ!" என்றேன். என் முனையை விட்டேன். அவர் முனை போகவில்லை. துணி கோணியது. ஆவிக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா துணியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். கண் என்னைத்தான் பார்க்கிறது, ஆனால் பார்க்கவில்லை. ரோலர் துணியை இழுக்கிறது, துணி அவரை இழுக்கிறது, அவர் விடவில்லை! இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புக் கம்பியில் என் உடம்பையே போட்டு அடித்தேன். இயந்திரம் நின்றது. அவர் சரிந்தார். விரல்களில் ஒரு காயமும் இல்லை, மாமா. அதை மட்டும் உங்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அவர்கள் அவரைக் கிடத்தியது நாங்கள் துவைத்த விரிப்பின் மேல்தான். மருத்துவர் பார்த்துவிட்டு, மாரடைப்பு, முடிந்துவிட்டது என்றார்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். மன்னியுங்கள்.

சரி. இப்போது, நான் எதற்காகப் பயப்படுகிறேனோ அந்த இடத்துக்கு வருகிறேன். இந்த உரைக்கு முன்னால் ஐயா என்னைக் கூப்பிட்டார். "அக்காவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசு. வேற எதுவும் வேண்டாம். உன் விஷயத்தை வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும், என்னுடைய பருவம் எத்தனை முறை நீண்டிருக்கிறது என்று. வெள்ளிக்கிழமை அது மறுபடியும் முடிகிறது. ஆக, நான் இப்போது அஞ்சலி மட்டும் செலுத்தவில்லை. இந்த மைக்குக்கு முன்னாலும் நான் ப்ரொபேஷனில்தான் நிற்கிறேன். நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் வெள்ளிக்கிழமை எனக்கு விடிந்திருக்கும். வரும்போது அந்த எண்ணத்தில்தான் வந்தேன், பொய் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு முன்னால் ஐயா பேசினார். கண் கலங்கப் பேசினார். அக்காவின் மகளுக்கு இங்கேயே வேலை தருவதாக அறிவித்தார். "அம்மா நின்ற அதே இடம், அம்மாவுக்கு இருந்த அதே நிபந்தனைகள்" என்றார். நாம் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த ‘அதே நிபந்தனைகள்’ எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை எதிர்முனையில் இந்தப் பெண் நிற்பாள். துணியை இழுத்துப் பிடித்து, அம்மாவின் குரலில் "எப்போ?" என்று கேட்பாள். துணிக்கு நான் பதில் சொல்லிவிடுவேன். மற்றதற்கு? அதே நிபந்தனைகள் என்றால், அதே ‘பார்க்கலாம்’ தானே? அதே ‘முதலிலிருந்து எண்ணுவார்கள்’ தானே? தோள் வலித்தால் அழுத்திக்கொண்டு நிற்பதும் அதே நிபந்தனைதானே?

இதை நினைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பின்னால் இருக்கும் பேனர் மறுபடி என் கண்ணில் பட்டது. நீங்களும் பாருங்கள். அக்காவின் படம் அழகாக வந்திருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு வரி. அந்த வரியின் நடுவில் மட்டும் ஒரு பூச்சாடி மறைத்துக்கொண்டு நிற்கிறது. படத்துக்கு முன்னால் வைக்க வேண்டிய பூவை எழுத்துக்கு முன்னால் ஏன் வைத்தார்கள்? காலையில் இந்த விரிப்பைப் போட வந்தபோது சாடி அங்கே இல்லை. அதனால் அந்த வரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

யாரையும் நான் குறை சொல்லவில்லை. அவசரத்தில் நடந்தது. உலர்த்தும் பிரிவில் நெடுங்காலம் இருந்த பெரியவர் காலமானபோது செய்த பேனரையே எடுத்து, படத்தை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பெரியவருக்குப் பொருந்திய சொல் அப்படியே இருந்துவிட்டது. மனிதவள அம்மையார் கவனித்தார். வேறு அச்சடிக்க நேரமில்லை. சாடியை நகர்த்தி வைத்தார்.

அந்தச் சாடியை நான் இப்போது கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். தண்ணீர் நிறைய ஊற்றியிருக்கிறார்கள். சிந்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படியுங்கள், தோழர்களே. எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். ‘எங்கள் நிரந்தரப் பணியாளருக்குக் கண்ணீர் அஞ்சலி.’

நிரந்தரப் பணியாளர்! உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் கிடைக்காத சொல்! எத்தனை முறை கேட்டும் வராத சொல்! செத்த பிறகு வந்திருக்கிறது, அதுவும் தவறுதலாக வந்திருக்கிறது. அதையும் பூவை வைத்து மறைத்துவிட்டோம். அக்கா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "பாத்தீங்களா தம்பி, ஆளு நகராம படுத்தாத்தான் நிரந்தரம் போல" என்று சொல்லிச் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐயா, உங்களை மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். இந்தப் பேனர் சரியா, தவறா? சரி என்றால் அக்கா நிரந்தரப் பணியாளர். அவருக்கு இருந்த அதே நிபந்தனைகள் என்று மகளுக்கு நீங்களே அறிவித்துவிட்டீர்கள். ஆகவே அவளும் நிரந்தரப் பணியாளர். நாங்கள் இன்னொரு முறை கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். தவறு என்றால், பலகையில் இருக்கும் விதியை மீறி இத்தனை காலம் அவரை நீட்டித்தது எதற்காக என்று அவருடைய மகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு முறைதான் நீட்டிக்கலாம், காரணம் சொல்லித்தான் நீட்டிக்கலாம், முடிவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்று உங்கள் பலகைதான் சொல்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. தினமும் எதிரே நின்று படிப்பதைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

இதைச் சொன்னதற்காக நாளைக்கு என் கொக்கி காலியாக இருக்கலாம். தெரிந்துதான் சொல்கிறேன். இதைச் சொல்லும்போது தைரியம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருவர் என் சம்பளத்தை நம்பிப் படிக்கிறார்கள். பயம் அப்படியே இருக்கிறது, முன்பைவிட அதிகமாகவே இருக்கிறது. சுவரோரமாக நிற்கும் உங்களையும் கைதூக்கச் சொல்லவில்லை; முன்னே வரச் சொல்லவில்லை. யார் முகத்தையும் இப்போது பார்க்கவே எனக்குத் துணிவில்லை. ஐயாவின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதால் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா! உங்கள் பணியைத் தொடர்வோம் என்று இப்படிப்பட்ட கூட்டங்களில் எல்லோரும் உறுதி எடுப்பார்கள். நீங்கள் விட்டுப்போன பணி என்ன? விரிப்பா? அதை யாராவது ரோலருக்குள் விட்டுவிடுவார்கள். உங்கள் பணி அந்த ஒரு சொல். அதை நான் இனி உங்கள் பெயராகச் சொல்ல மாட்டேன். கேள்வியாகவே கேட்பேன். உங்களைப் போலவே பயந்து, உங்களைப் போலவே உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கேட்பேன். இதுதான் நான் எடுக்கும் உறுதி.

மேலாளர் ஐயா அவர்களே! இந்த மேசை மேல் கிடக்கும் விரிப்பின் ஒரு முனையை நான் பிடித்திருக்கிறேன், பாருங்கள். மறுமுனை உங்கள் பக்கம்தான் தொங்குகிறது. எங்கள் வேலையில் இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அது ‘பார்க்கலாம்’ அல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

நான் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சொல்லுங்கள் ஐயா.

எப்போ?